கதவைத் திறக்காத அப்பா யாருக்குமே இல்லையா?

தொடக்கக் கேள்வி (ஒரு வாசகர்), 12 மே 2019, மாலை 6:15

1969 கோலாலம்பூர் இனக்கலவரம் நடந்த மே 13 வருடா வருடம் வந்தால் இதே கதைகள்தான். பக்கத்து வீட்டுச் சீனரை அப்பா கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தார். எதிர்வீட்டு மலாய்க்காரர் எங்களை அறையில் வைத்துப் பூட்டிச் சோறு போட்டார். எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். எல்லோருடைய அப்பாவும் யாரையாவது காப்பாற்றினார் என்றால், செத்துப்போன 196 பேரும் யார் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்? கதவைத் திறக்காத அப்பா யாருக்குமே இல்லையா?

செந்தூல்காரன், 13 மே 2019, இரவு 11:05

எனக்கு இருந்தார். 1991-இல் போய்விட்டார்.

கோலாலம்பூர், செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸ். அப்பா பட்டறையில் ஃபிட்டர். 1969-இல் எனக்கு 11 வயது. அன்று சாயங்காலம் சவ்கிட் பக்கம் புகை தெரிந்தது. வானொலியில் ஊரடங்கு என்றார்கள். அப்பா அம்மாவின் சிங்கர் தையல் மெஷினை இழுத்துவந்து கதவுக்கு முட்டுக் கொடுத்தார். விளக்கை அணைத்தார். எங்களைப் படுக்கச் சொல்லவில்லை, தோளைப் பிடித்து ஒவ்வொருவராகத் தரையில் அமுக்கினார்.

மணி தெரியாது. யாரோ ஓடிவந்த சத்தம். கதவில் உள்ளங்கையால் பட் பட்டென்று அடித்தார்கள். "அண்ணே... அண்ணே..." என்றது குரல். மளிகைக்கடைச் சீனரின் கையாள். சைக்கிளில் அரிசி மூட்டை கொண்டுவந்து போடுவார், எங்கள் வரிசைக்குள் வந்தால் தமிழில்தான் பேசுவார். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அப்பாவின் கை என் வாயைப் பொத்தியது. பட்டறைக் கிரீஸ் போக மண்ணெண்ணெயில் கை கழுவுவார்கள், அந்த வாடை. ஐந்தாறு அடி. அப்புறம் சத்தமில்லை. காலடி பின்பக்கமாகப் போயிற்று.

அந்தக் கையாளை அதற்குப் பிறகு நான் பார்க்கவேயில்லை. அப்பா மலாய்க்காரருக்கு ஒரு சொல், சீனருக்கு ஒரு சொல் வைத்திருந்தவர். இரண்டையும் இங்கே எழுத மாட்டேன். அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன், என் அப்பா இனம் பார்த்துக் கதவு திறக்கிற மனுஷன் என்று. 50 வருடமாக அந்தத் தீர்ப்பில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. கேள்வி கேட்டவருக்கு இது போதுமா?

செந்தூல்காரன், 14 மே, காலை 7:20

இரண்டு திருத்தம், என் கதைக்கு இல்லை, மேலே மற்றவர்கள் எழுதியதற்கு.

196 என்பது அரசாங்கக் கணக்கு. மே 13 முதல் ஜூலை 31 வரை. சீனர் 143, மலாய்க்காரர் 25, இந்தியர் 13, மீதி 15 பேர் இன்னார் என்று பிரிக்கப்படாதவர்கள். இது குறைச்சல் கணக்கு என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். மே 13-ஆம் தேதியோடு எல்லாம் முடிந்ததாகப் பலர் எழுதுகிறார்கள். முடியவில்லை, ஜூலை வரை இழுத்தது.

இரண்டாவது, எதிர்க்கட்சிகள் சிலாங்கூரைப் "பிடிக்கவில்லை". கலவரத்துக்கு முன் நடந்த மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் 28 இடத்தில் 14க்கு 14. யாரும் ஜெயிக்காததுதான் பிரச்சினையே. எங்கள் அப்பாவுக்கு இதில் ஓட்டே கிடையாது. சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவர்களின் அடையாள அட்டை. தேர்தல் முடிந்து ஊர்வலம் போனவர்களும் ஓட்டுப் போட்டவர்கள், பாராங் கத்தி எடுத்தவர்களும் ஓட்டுப் போட்டவர்கள், தையல் மெஷினைத் தள்ளியவர் மட்டும் போடாதவர்.

செந்தூல்காரன், 14 மே, இரவு 10:40

"ஒரு ராத்திரியை வைத்து ஒரு மனிதரை எடை போடலாமா" என்று கிள்ளான் நண்பர் கேட்டிருக்கிறார். ஒரு ராத்திரியா? 33 வருடம் ஐயா.

சம்பள நாள் என்றால் கள்ளுக்கடை. வரும்போதே சைக்கிள் மணியை விடாமல் அடித்துக்கொண்டு வருவார், அது எங்களுக்கு எச்சரிக்கை. நானும் தம்பியும் சுவரோரம் நிற்க வேண்டும். பதினாறாம் வாய்ப்பாடு. தடுக்கினால் பெல்ட். 16-ஐ 7-ஆல் பெருக்கினால் 112 என்பது எனக்குக் கணக்காகத் தெரியாது, முதுகில் தெரியும்.

1970 ஆகஸ்ட் 31-ஆம் தேதி ருக்குன் நெகாரா வந்தது. இனி இனச்சண்டை கூடாது என்று ஐந்து கோட்பாடு, பள்ளிக்கூடத்தில் வாரந்தோறும் சொல்ல வேண்டும். வாய்ப்பாட்டோடு அதையும் அப்பா சேர்த்துவிட்டார். "கெப்பெர்ச்சாயாஆன் கெப்பாடா துஹான்" (இறைவன் மீது நம்பிக்கை) என்று நான் தொடங்குவேன். எனக்கு நாக்கு புரளாது. அப்பா கள்ளு வாடையோடு கண்ணை மூடிக்கொண்டு உச்சரிப்பைத் திருத்துவார். எங்கள் வாத்தியாரைவிட அப்பாவின் மலாய் சுத்தம். பட்டறையில் அவர் பக்கத்து மேசைக்காரர் ஒரு மலாய்க்காரர், இருவரும் பதினைந்து வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பசியாறினார்கள். வீட்டுக்கு வந்தால் அந்தச் சொல். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்கும் அந்தச் சொல்தானா என்று ஒருமுறை கேட்டேன். பெல்ட்.

இவ்வளவு நல்ல மலாய் பேசியவர் குடியுரிமைக்குப் போகவில்லை. மொழித் தேர்வு உண்டு. "நேத்துப் பொறந்த பையன் மேசைக்கு அந்தப்பக்கம் உக்காந்து, நீ மலாய் பேசிக் காட்டுன்னு சொல்வான், நான் பேசிக் காட்டணுமா?" இவ்வளவுதான் காரணம். சாகும்வரை சிவப்பு. எனக்கும் தம்பிக்கும் மெர்டேகாவுக்கு, அதாவது 1957 சுதந்திரத்துக்குப் பிறகு பிறந்த புண்ணியத்தில் நீலம், குடிமக்கள் அட்டை. அக்கா 1953. அவளுக்குப் பிறப்புப் பத்திரத்தை நேரத்தில் எடுக்காமல் விட்டார். அக்கா நீல ஐசி வாங்கக் கல்யாணம் முடிந்து எத்தனை கவுண்டர் ஏறி இறங்கினாள் என்பது தனி இழைக்குரிய விஷயம்.

சரி, இவ்வளவும் எழுதியபின் பார்த்தால் ருக்குன் நெகாரா பகுதியில் எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

செந்தூல்காரன், 15 மே, மதியம் 1:10

தையல் மெஷின் பாராங்கைத் தடுக்குமா என்று கேட்ட நகைச்சுவை மன்னருக்கு: தடுக்காது. ஆனால் எங்கள் வீட்டில் கனமான பொருள் அது ஒன்றுதான். இரண்டாவது கனமான பொருள் அப்பா.

செந்தூல்காரன், 15 மே, இரவு 9:30

ஒருவர் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு இரண்டு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். "மே 13 ராத்திரி உங்கள் குவார்ட்டர்ஸ் பக்கம் ஒன்றும் நடக்கவில்லையே. செந்தூலில் இந்தியர்கள் மேல் பாய்ந்தது ஜூன் 28, சனிக்கிழமை. தேதியைக் குழப்பிக்கொள்கிறீர்களா?"

இல்லை. மே 13 செவ்வாய்க்கிழமை. புகை ஞாபகமிருக்கிறது. ஊரடங்கு அறிவிப்பு ஞாபகமிருக்கிறது. கதவு ஞாபகமிருக்கிறது.

மூன்றும் ஒரே நாளா என்று அக்காவிடம் கேட்கிறேன்.

செந்தூல்காரன், 16 மே, இரவு 11:55

அக்காவிடம் பேசினேன். ஒன்றரை மணி நேரம். கேட்டதை அப்படியே எழுதுகிறேன், அலங்காரம் பண்ணத் தெம்பில்லை.

புகை மே மாதம். தையல் மெஷினும் மே மாதமே வந்தது, அது வாரக்கணக்கில் கதவருகேயே கிடந்ததாம், அம்மா அங்கேயே உட்கார்ந்து தைத்தாள். தட்டியது ஜூன் மாதம். "அந்த சனிக்கிழமைதாண்டா. பகல்ல வெளிய போக விட்டிருந்தாங்க. நீ பட்டம் விட்டுட்டு வந்து அடி வாங்கினியே, அன்னிக்கு."

பட்டம் ஞாபகமிருக்கிறது. அடியும். அது தனி நாள் என்று வைத்திருந்தேன்.

"மளிகைக்கடைக் கையாள் செத்தாரா, பிழைச்சாரா?" என்றேன்.

"எந்தக் கையாள்?"

"தட்டினாரே, அவர்."

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. "தட்டினது கடைசி வீட்டு அண்ணன்டா. உனக்குப் பட்டம் செஞ்சு குடுத்தவரு."

கடைசி வீட்டு அண்ணன். தமிழர். பட்டறையில் அப்பாவுக்குக் கீழே தொழில் பழகிக்கொண்டிருந்தவர். இருபத்துநாலு வயதிருக்கும். அம்மா எழுந்துபோய்த் தாழ்ப்பாளில் கை வைத்தாளாம். அப்பா அவள் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினாராம். "அப்பா அம்மா கையப் புடிச்சு நான் பார்த்தது அந்த ஒரு தடவதான்" என்றாள் அக்கா. அப்புறம் சிரித்தாள். அவள் அப்படித்தான்.

என் வாயைப் பொத்தியது? அது அக்காவின் கையாம். அவளும் அம்மாவோடு மண்ணெண்ணெய் அடுப்பில் நின்றவள்.

செந்தூல்காரன், 17 மே, அதிகாலை 4:15

தூக்கமில்லை. இன்னொன்று இருக்கிறது, நேற்றே எழுதியிருக்க வேண்டும்.

கடைசி வீட்டு அண்ணனுக்கு இடது கை முழங்கைக்குக் கீழே கோணல். விரல் இரண்டு மடங்காது. பட்டறையில் இயந்திரத்தில் மாட்டிக்கொண்டது என்று நான் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். என் மகனுக்கே சொல்லியிருக்கிறேன், இயந்திரத்தில் விளையாடாதே என்று மிரட்ட. அந்த ராத்திரி பெரிய லோங்காங்கில் (சாக்கடையில்) இறங்கி விடியும்வரை தண்ணீரில் கிடந்தாராம். வெட்டு அன்றைக்குப் பட்டதுதான்.

பட்டறை விபத்து என்று எனக்கு யார் சொன்னது?

அப்பாதான். வேறு யார் சொல்லியிருக்க முடியும்.

செந்தூல்காரன், 17 மே, மதியம் 12:50

நிறையப் பேர் ஆறுதல் எழுதியிருக்கிறீர்கள். "அப்பா இனவெறியர் இல்லை என்று தெரிந்ததே" என்று ஒருவர் வாழ்த்துக்கூடச் சொல்லிவிட்டார். நிறுத்துங்கள். அந்தச் சொற்களை அவர் தினமும் சொன்னார். அதை யாரும் மாற்றிச் சொல்லவில்லை, அக்காவும்கூட.

எனக்கு உறைப்பது வேறு. மளிகைக்கடைக் கையாள் எப்படி என் கதவுக்கு வந்தார்? அவர் மே மாதத்துக்குப் பிறகு வரவில்லை, உண்மை. கடையையே எடுத்துக்கொண்டு அவர்கள் வேறெங்கோ போய்விட்டார்கள், அதுவும் உண்மை. வராமல் போனவரைத் தட்டிய குரலோடு நான்தான் ஒட்டவைத்திருக்கிறேன். ஏன்? சீனரை விட்டுவிட்டார் என்றால் அப்பாவுக்கு ஒரு பெயர் வைக்க முடிந்தது, அவரை வெறுப்பது பெரிய கொள்கை மாதிரி இருந்தது. கல்லூரி நாட்களில் இந்தக் கதையைச் சொல்லித்தான் நான் நல்லவனானேன். சீன நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன். ஒருத்தி அழுதாள்.

தன்னிடம் தொழில் கற்ற பையனை, தமிழில் "அண்ணே" என்றவனை, நான்கு வீடு தள்ளி இருந்தவனை விட்டார் என்றால் அதற்கு என்ன பெயர் வைப்பது?

செந்தூல்காரன், 18 மே, காலை 9:00

சயாம். அப்பா சயாம் மரண ரயில்பாதை வேலைக்குப் போனவரா என்ற கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன், மூன்று பேர் எழுதிவிட்டீர்கள்.

ஆமாம், போனார். ஆறு வயதில் பட்டுக்கோட்டைப் பக்கமிருந்து ரஜூலா கப்பலில் வந்தவர். கோலசிலாங்கூர்த் தோட்டமொன்றில் வளர்ந்தார். 1943-இல் ஜப்பான்காரன் ஆள் பிடித்தபோது போனார். 415 கிலோமீட்டர் தண்டவாளம், அந்த அக்டோபரில் முடிந்தது. நம் ஆட்கள் பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் போனார்கள். அவர் திரும்பி வந்தார், அதே தண்டவாள வேலைக்கே செந்தூலில் சேர்ந்தார். யோசித்துப் பார்த்தால் இதுவே விசித்திரம்.

"சயாம்ல கொட்டகைக்குக் கதவே கிடையாது" என்று ஒருமுறை சொன்னார். கதவு இருக்கிற வீட்டில் கதவைத் திறக்கவே மாட்டார் என்று இதிலிருந்து ஒரு வரி எழுதலாம், அழகாக இருக்கும். ஆனால் பாருங்கள், நேற்றுவரை சீனக் கையாளைச் சத்தியம் பண்ணிய ஆள் நான். இந்த வாக்கியத்தை அப்பா சொன்னாரா, நான் எங்காவது படித்து அப்பா வாயில் வைத்தேனா? சயாமுக்குப் போய்வந்த இன்னொருவர் எங்கள் வரிசையிலேயே இருந்தார். தீபாவளிக்குப் பிள்ளைகளுக்கெல்லாம் பலூன் ஊதிக் கொடுப்பார், பெல்ட் எடுத்து நான் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் சயாம் தலையில் கட்ட முடியாது.

செந்தூல்காரன், 18 மே, இரவு 8:20

தம்பி ஜொகூரிலிருந்து அழைத்தான். இழையைப் படிக்கிறானாம், எனக்குத் தெரியாது. அக்கா ஒரு விஷயம் சொன்னாள் என்றேன்: அந்த ஜூன் மாதத்துக்குப் பிறகு சம்பள நாள்தோறும் அப்பா அவளிடம் ஐந்து வெள்ளி (ரிங்கிட்) கொடுத்துக் கடைசி வீட்டில் கொடுத்துவரச் சொல்வாராம். கள்ளுக்கடைக்குப் போகும் முன்னாலேயே. அந்த அண்ணன் ரவாங்குக்குக் குடிபோகும்வரை, நாலைந்து வருடம். அப்போது ஐந்து வெள்ளி என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், எங்களுக்கு மதிய பலகாரத்துக்குப் பத்துக் காசு.

"அது சீட்டுப் பணம்" என்றான் தம்பி. "கடைசி வீட்டம்மா சீட்டு நடத்துச்சு. அம்மா எடுத்த சீட்டுலதான் எனக்குப் பள்ளிக்கூட சப்பாத்து வாங்கினது."

அக்காவிடம் திரும்பக் கேட்டேன். "சீட்டு வேற, அது அம்மா கட்டினது. இது அப்பா குடுத்தது" என்கிறாள். தம்பிக்கு அப்போது எட்டு வயது. அக்காவுக்குப் பதினாறு. ஆனால் அக்காவுக்கு அப்பா மேல் பாசம், தம்பிக்குக் கிடையாது. எனக்கு எந்தப்பக்கம் சாய ஆசை என்று எனக்கே தெரிகிறது, அதனால் சாயவில்லை.

செந்தூல்காரன், 19 மே, மாலை 6:50

நோன்பு மாதம் என்பதால் பழைய நண்பர் ஒருவர் கம்போங் பாரு பள்ளிவாசலில் வரிசையில் நின்று புபோர் லம்புக் வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தார். மசாலாவும் கறியும் போட்ட கஞ்சி. கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தட்டச்சு செய்கிறேன். (விசைப்பலகையில் ஒரு சொட்டு விழுந்துவிட்டது. 'ழ' ஒட்டுகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.)

1969-க்குப் பிறகு அப்பா, அன்று கலவரம் வெடித்த மலாய்க்காரர் குடியிருப்பான கம்போங் பாருக்குள் கால் வைக்கவில்லை. சைக்கிளில் பட்டணம் போனால் சுற்றிக்கொண்டுதான் போவார். பெஞ்சு நண்பர் வீடு அங்கேதான். மகள் கல்யாணத்துக்கு அவர் நேரில் வந்து அழைத்தார், நான் கோப்பி கொண்டுபோய் வைத்தேன். அப்பா வருகிறேன் என்றார். அந்த நாளில் வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம்வரை. அப்புறம் எழுந்துபோய்ச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

இதை நான் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. இழிவாக ஒன்றுமில்லை, கதையில் எங்கே வைப்பது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

செந்தூல்காரன், 20 மே, இரவு 10:10

சிற்றப்பா பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. தோட்டத்து ஆள், சிவப்பு ஐசி. கலவரத்துக்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்று கெடுபிடி வந்ததும் தோட்டத்தில் பெயரை எடுத்துவிட்டார்கள். அப்படி ஊர் திரும்பியவர்கள் 60,000 பேர் வரை என்பார்கள். சிற்றப்பா குடும்பம் பினாங்கில் ரஜூலா ஏறியது, அண்ணனும் தம்பியும் சின்ன வயதில் வந்திறங்கிய அதே கப்பல். அப்பா ரயில் பாஸில் பட்டர்வொர்த்வரை கூடப்போய் வழியனுப்பினார். நானும் போனேன். திரும்பும்போது ஈப்போ தாண்டும்வரை வாய் திறக்கவில்லை. அப்புறம் "பசிக்குதா?" என்றார். நாசி லெமாக் பொட்டலம் ஒன்று வாங்கினார். இலையை விரித்து நெத்திலியெல்லாம் என் பக்கம் ஒதுக்கினார். நன்றாக ஞாபகமிருக்கிறது. தம்பி வரவில்லை, அக்கா வரவில்லை, இதை யாரும் மறுக்க முடியாது.

செந்தூல்காரன், 22 மே, இரவு 9:45

"அப்பாவின் இடத்தில் நீங்கள் இருந்தால் திறந்திருப்பீர்களா?" இந்தக் கேள்வி ஆறாவது பக்கத்திலிருந்து தொங்குகிறது. பதில் சொல்லாமல் நழுவிக்கொண்டிருந்தேன்.

2001 மார்ச். கம்போங் மேடான் இனக்கலவரம். ஆறு பேர் செத்தார்கள், பெரும்பாலும் நம் ஆட்கள். நாங்கள் அப்போது பழைய கிள்ளான் சாலைப் பக்கம் அடுக்குமாடியில் வாடகைக்கு இருந்தோம், பக்கம்தான். எஸ்எம்எஸ்ஸில் என்னென்னவோ வந்தது, பாதி பொய். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் நான் எழுந்து வாஷிங் மெஷினைக் கழற்றி வாசல் கதவுக்கு இழுத்துவந்தேன். வெளியே இரும்பு கிரில் இருக்கிறது, பூட்டு இரண்டு. மனைவி வந்து நின்று பார்த்தாள். "கதவு வெளிப்பக்கம்தானே திறக்குது?" என்றாள்.

உண்மை. வெளிப்பக்கம்தான் திறக்கும்.

யாரும் தட்டவில்லை. அதனால் திறந்திருப்பேனா என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. மகனுக்கு ஒன்பது வயது, அறை வாசலில் நின்றுகொண்டிருந்தான். அவனைப் போய்ப் படுக்கச் சொன்ன குரல் எனக்கே தெரிந்த குரலாக இருந்தது.

செந்தூல்காரன், 23 மே, காலை 7:05

மகன் மெல்பர்னில் இருக்கிறான். மேலே உள்ள குறிப்பை அனுப்பினேன். விடிகாலையில் வாட்ஸ்அப்: "அப்பா, அன்னைக்கு பைப் ஒழுகுச்சுன்னுதானே மெஷினை இழுத்தீங்க? தரையெல்லாம் தண்ணியா இருந்துச்சே."

குழாயைக் கழற்றிய தண்ணீர் அது. திருத்தி ஒன்றும் எழுதவில்லை. ஒரு கட்டைவிரலை அனுப்பிவைத்தேன்.

செந்தூல்காரன், 25 மே, மாலை 4:30

இன்று கிள்ளானில் அக்கா வீடு. சிங்கர் மெஷின் அவளிடம்தான், படிக்கட்டுக்கு அடியில் பழைய நாளிதழ் கட்டுகளோடு. மெஷினின் இரும்புக் காலில் நான்கு சக்கரத்துக்கு மூன்றுதான் இருக்கிறது. இழுத்துப் பார்த்தேன். ஒரு பக்கமாகத் தேய்ந்துகொண்டு கிறீச்சென்று வந்தது. அக்கா அடுப்படியிலிருந்து, "டேய், டைல்ஸ்ல கோடு விழும்" என்று கத்தினாள்.

கடைசி வீட்டு அண்ணன் இருக்கிறாராம். 74 வயது. ரவாங்கில் மகள் வீட்டில். அக்காவிடம் எண் இருக்கிறது, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பேசிக்கொள்வார்களாம், இத்தனை வருடமாக. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். "நீ எப்பக் கேட்ட?"

அவரிடம் எனக்கு ஒரே ஒரு கேள்வி. வெட்டு விழுந்தது எங்கள் கதவைத் தட்டும் முன்னாலா, பின்னாலா. உள்ளங்கையால் அடித்தார் என்று முதல் நாள் எழுதினேன், ஞாபகமிருக்கிறதா? ஒரு கையின் சத்தமா இரண்டு கையின் சத்தமா என்று பத்து நாளாகக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறேன். முன்னால் என்றால், அப்பா கதவுக்குள் இருந்ததால் அந்தக் கைக்கு ஒன்றும் கூடவுமில்லை, குறையவுமில்லை. பின்னால் என்றால்...

அக்காவுக்குத் தெரியாது. கேட்டதே இல்லையாம். "கேட்டு என்ன பண்ணப் போற?"

செந்தூல்காரன், 27 மே, இரவு 10:20

பேசினேனா என்று இன்று மட்டும் நான்கு பேர் கேட்டாயிற்று.

சாயங்காலம் அழைத்தேன். இரண்டு முறை மணி அடித்தது. மூன்றாவது அடிக்குமுன் நானே வைத்துவிட்டேன்.

ஐந்து நிமிடம் கழித்து அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. மேசைமேல் போன் அதிர்ந்து அதிர்ந்து விளிம்புவரை நகர்ந்தது. பார்த்துக்கொண்டிருந்தேன். நின்றது. மறுபடி அடித்தது.

"யாருங்க அது, எடுக்கலாமில்ல?" என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

தெரியாத நம்பர் என்றேன்.